அந்தக் கிரகத்தில் இடமில்லை

“எத்தனை தடவைய்யா சொல்றது? அந்தக் கிரகத்துல கால் வைக்கவே இடம் கிடையாது!”

சந்தானத்தின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. பூனாவில் ஒரு வான ஆராய்ச்சி நிறுவனத்தில் மக்கள் தொடர்பு அலுவலர் அவர். எதிரே உட்கார்ந்திருந்த வசந்தகுமார் அசையவில்லை. ஊருக்கு வெளியே போசரி தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். கம்பெனிச் சட்டையில் எண்ணெய்க் கறையோடு மூன்றாவது நாளாக வந்திருந்தார்.

“அதைத்தான் சார் எழுதிக் குடுங்கன்னு கேக்கறேன். சீல் போட்டு.”

மேஜை மேல் தமிழ்ப் பத்திரிகைத் துண்டு ஒன்று கிடந்தது. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி ராட்சதக் கிரகம் கண்டுபிடிப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

சந்தானத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. நிலாவில் மனை விற்கிறவர்களைப் பற்றி அவரும் படித்திருக்கிறார். இப்போது இதற்கும் கிளம்பிவிட்டார்கள்.

“இங்க பக்கத்துல சிஞ்ச்வட்ல வீடு வாங்கறவனே பத்து தடவை போய்ப் பார்க்கறான். நீங்க பேப்பரைப் பார்த்தே ஏமாந்திருக்கீங்க. அந்தக் கிரகம் முழுக்க வாயு. மண்ணு, கல்லு, தரை ஒண்ணும் கிடையாது. நட்சத்திரத்தை ஒட்டிக்கிட்டே சுத்தறதால கொதிக்கும்.”

“குடிக்கத் தண்ணி?”

“கிடையாது!”

“அதையும் சேர்த்து எழுதிடுங்க. தமிழ்ல.”

“கோர்ட்டுல தமிழ் செல்லாதுங்க. மராத்தி, இல்லேன்னா இங்கிலீஷ்.”

“கோர்ட்டுக்கு இல்ல சார். முந்தாநேத்து மனு கொண்டாங்கன்னாங்க, கொண்டாந்தேன். நேத்து டைரக்டர் லீவுன்னாங்க. இன்னிக்கு நீங்க மொழியைப் பிடிச்சுக்கிட்டீங்க.”

வசந்தகுமார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“கொஞ்சம் சீக்கிரம் சார். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளை எங்க வீட்ல உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன். நாலு மணிக்கு அவங்க ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகணும்.”

ஏமாற்றியவன் வந்து பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம் போலிருக்கிறது. வானத்தில் மனை, வீட்டில் காவல்! சந்தானத்துக்குத் தலை வலித்தது. இந்த ஆளை எழுப்பி அனுப்ப வேறு வழியில்லை என்று ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார்.

“சரி, எழுதறேன். முதல்ல அந்தப் பித்தலாட்டக்காரன் பேரைச் சொல்லுங்க. அங்க இருக்கலாம்னு சொன்னது யாரு?”

“நான்தான் சார்.”

“நீங்களா? யார்கிட்ட?”

“என் சம்சாரம் சரசாகிட்ட. போன மாசம் எங்க பொண்ணை அடக்கம் பண்ணிட்டு வந்தோம். அவ அழுகையை எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, பாப்பா அங்கதான் இருக்கான்னு சொல்லிட்டேன். இந்தப் பேப்பரைப் படிச்சதும், அதே நட்சத்திரம்தான்னு அவளே முடிவு பண்ணிட்டா.”

சந்தானத்தின் பேனா தாளிலேயே நின்றது.

“நாலு நாளா, நானும் அங்க போறேன்னு நிக்கிறா சார்.”