தெளியத் தெளியக் கறுக்கும்

“பீர் ஒருநாளும் கெடாது மாப்ள. காய்ச்சுறவனோட தைரியம்தான் கெட்டுப்போகும்.”

நெஞ்சில் கை வைத்து இதைச் சொன்ன ஹார்லன், மில்வாக்கியில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கத் தலைவர். மனைவியின் தம்பி கர்ட்டிஸ், வெளிர் மஞ்சளாய்க் கலங்கிக் கிடந்த பெரிய கண்ணாடிக் குடுவையை அவருடைய நிலவறையில் மெல்ல இறக்கி வைத்தான். சனிக்கிழமை அவன் மகள் ஆம்பருக்குக் கல்யாணம். அப்பன் கையால் காய்ச்சிய பொன்னிற பீர்தான் விருந்துக்கு என்று சம்பந்தி வீடு வரை சொல்லியாகிவிட்டது.

“போன வருஷம் கறுக்குதுன்னு அத்தனையும் சாக்கடைல ஊத்துன ஆளு நீ. அதான் இங்க கொண்டாரச் சொன்னேன். மெதக்கிற ஈஸ்ட் வெளிச்சத்தத் திருப்பி விடும், வெளுப்பாத் தெரியும். டீல பால் விட்ட மாதிரி. அது அடில படிஞ்சா உள்ள நெறம் தெரியும். இதுக்குப் போய் எவனாவது ஊத்துவானா?”

“சரி அத்தான். சனிக்கெழம காலைல நானே வந்து எடுத்துக்கறேன். நீங்க மூடியத் தொறக்காதீங்க.”

செவ்வாய்க்கிழமை குடுவை கொஞ்சம் தெளிந்தது, கொஞ்சம் கறுத்தது. ‘ஈஸ்ட் படியுது’ என்று ஹார்லன் சொல்லிக்கொண்டார். புதன்கிழமை இன்னும் கறுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். மேலே வந்து, காபி ஆறுவதற்குள் மறுபடி இறங்கினார்.

“கல்யாணம் அவளுக்கா, உங்களுக்கா?” என்றாள் மனைவி டோரீன்.

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் மூடியைத் திறந்து மோந்தார். ஆப்பிள் வாசனை! பீரில் ஆப்பிள் மணந்தால் கோளாறு என்பது சங்கத்தில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். நிறம் வேறு டிகாஷன் மாதிரி. ஹார்லனுக்கு வியர்த்தது.

மறுநாள் டோரீன் சர்ச்சுக்குப் பூ அலங்காரம் செய்யப் போனதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு குடுவையைச் சாக்கடையில் கவிழ்த்தார். பக்கத்து ஊர்க் கடையில் பொன்னிற பீர் வாங்கி வந்து பீப்பாயை நிரப்பி, தானே மண்டபத்தில் சேர்த்தார்.

விருந்தில் ஒரே பாராட்டு. சம்பந்தி இரண்டாவது தடவை கோப்பையை நீட்டினார்.

“பாத்தியா மாப்ள? தைரியம் வேணும்டா!” என்றார் ஹார்லன்.

கர்ட்டிஸ் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். குடித்தான். மறுபடி பார்த்தான். பிறகு அவரை ஓரமாக இழுத்துப் போனான்.

“எந்தக் கடைல வாங்குனீங்க அத்தான்?”

“என்னடா உளர்ற? உன் பீருடா இது!”

“இந்தத் தடவையும் என் பீரு கறுத்தப்பவே ஊத்திட்டேன். உங்க கேலிக்குப் பயந்து நான் கொண்டாந்து வச்சது ஆப்பிள் ஜூஸ்.”