தயிர்சாதத்துக்கு முதல் பந்தி

காலையில்தான் குட்டிப் பன்றியைத் தாயிடமிருந்து பிரித்துப் பக்கத்துக் கொட்டடியில் விட்டார்கள். தொட்டியில் பால் இல்லை என்றதும் அது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. உச்சி வெயில் வந்தும் எதையும் தொடவில்லை.

அப்போது கல்யாண மண்டபத்து எச்சில் வாளி வந்தது. அதிலிருந்த தயிர்சாதம் தொப்பென்று தொட்டியில் விழுந்தது.

“நீயும் என்னை வேண்டாம்னு சொல்லப் போறியா?” என்று பொருமியது தயிர்சாதம். “வடை, அப்பளம், பாயசம் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் என்னைப் போடுவாங்க. போடச் சொல்லிட்டு, ஒரு வாய்கூட வைக்காம இலையை மூடிட்டாங்க!”

“எனக்குப் பால்தான் வேணும்” என்றது குட்டி. “புதுசா எதையாவது தின்னா வயித்தைக் கலக்கும்.”

தயிர்சாதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கொஞ்சம் வளர்ந்த பாலுதான்டா நான்! வயிறு கெட்டுப்போனவங்களுக்கே என்னைத்தான் கொடுப்பாங்க. இதுவரைக்கும் எந்தப் பந்தியிலயும் யாரும் என்னை முதல்ல சாப்பிட்டதில்ல. ஒரே ஒரு வாய்?”

குட்டி மூக்கால் தொட்டுப் பார்த்தது. பிறகு நக்கியது. வால் சுருண்டு நின்றது. அடுத்த நொடி முன்னங்கால் இரண்டையும் தொட்டிக்குள் ஊன்றிக்கொண்டு விளாசத் தொடங்கியது.

“மெதுவாடா, கூசுது!” என்று குதூகலித்தது தயிர்சாதம்.

சத்தம் கேட்டுத் தாய்ப்பன்றி கம்பி இடுக்கில் மூக்கை நீட்டியது. “டேய், அம்மாவுக்குக் கொஞ்சம் மிச்சம் வைடா!”

குட்டி மூஞ்சியெல்லாம் தயிராக நிமிர்ந்தது.

“மிச்சமா? அதெல்லாம் மண்டபத்துலதான் வைப்பாங்கம்மா!”