அந்தப் பெட்டிக்கு மட்டும்

"அந்த பைக் ரேஸ் கேம் நம்ம கடைக்கு எப்பதாங்க வரும்?"

சந்தியா இதைக் கேட்பது அன்றைக்கு நாலாவது தடவை.

"வராது" என்றான் அசோகன், டிவியைத் துடைத்துக்கொண்டே. "அது எதிர்க்கடை கேம் பெட்டியைச் செய்யற கம்பெனிக்காரனே சொந்தமா செஞ்ச கேம். அவன் பெட்டியில மட்டும்தான் ஓடும். தலைகீழா நின்னாலும் அடுத்தவனுக்குத் தரமாட்டான். கம்பெனி கொள்கை!"

கொள்கையாம் கொள்கை! சந்தியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரக்காணம் கடைத்தெருவில் அவர்களுடையது வீடியோ கேம் கடை. மூன்று டிவி, மூன்று கேம் பெட்டி. மழைக்கு உப்பளத்தில் வேலை நின்றுவிட்டால் இளவட்டங்களுக்குப் பொழுது இங்கேதான் போகும். இந்த வருஷம் அத்தனை பேரும் எதிர்க்கடையில்.

எதிர்க்கடை பச்சமுத்துவுடையது. போன வருஷ சுனாமியில் படகைப் பறிகொடுத்தவன். சென்னை மச்சான் கொடுத்த வேறொரு கம்பெனிப் பெட்டி ஒன்று, ஒரே ஒரு டிவி, ஒரே ஒரு பைக் ரேஸ். அவ்வளவுதான் அவன் கடை. பெட்டிக்கு ஒயர் மாட்டிக் கொடுத்ததே அசோகன்தான்.

அந்த நன்றியாவது இருக்கிறதா?

"என்ன தங்கச்சி, ஈ ஓட்டறியா?" என்று வாசலில் நின்றபடி கிண்டலடித்தான் பச்சமுத்து. "இங்க அனுப்பு, அதுங்களும் ரேஸ் ஓட்டட்டும்!"

அசோகன் விழுந்து விழுந்து சிரித்தான். இந்த மனுஷனுக்குச் சூடு சொரணையே கிடையாதா?

அந்த நேரம் பார்த்து உப்பு மூட்டை தூக்கும் தட்சணாமூர்த்தி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. நானும் அந்தாண்டதான் போறேன்."

"அதுக்கென்னப்பா, ஜோரா போய் ஓட்டு!"

சந்தியா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஜாக்கெட் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு பாண்டிக்கு பஸ் ஏறினாள். அசோகன் வழக்கமாக சிடி வாங்கும் கடைக்கே போய் நின்றாள்.

"அந்தக் கொள்கைக்காரக் கம்பெனி அட்ரஸ் குடுங்க. நானே லெட்டர் போட்டுக் கேக்கறேன்."

கடைக்காரர் விழித்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"யாரும்மா அப்படிச் சொன்னது? சில கேம் அப்படித்தான், கம்பெனி விடவே விடாது. இது அப்படி இல்ல. உங்க பெட்டிக்கும் தனி சிடி இருக்குது. தீபாவளிக்கே உங்க வீட்டுக்காரர் கையில குடுத்தேனே! வேணாம்னுட்டார்."

சந்தியாவுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. சிடியை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள். கடையில் அசோகன் இல்லை. நல்லதாகப் போயிற்று. நடு டிவியைப் போட்டு, சிடியை உள்ளே தள்ளி, சத்தத்தையும் கூட்டி வைத்தாள்.

டுர்ர்ர் என்று கிளம்பியது பைக்.

டீ கிளாஸோடு வந்த அசோகன், பாதி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு பாய்ந்துவந்து டிவியை அணைத்தான். எதிர்க்கடைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"ஏன் பொய் சொன்னீங்க?" சந்தியா சிடி உறையை அவன் முன்னால் நீட்டினாள்.

"மெதுவா பேசு." அவன் கிசுகிசுத்தான். "நம்மகிட்ட முப்பது கேம் இருக்குது. அவன்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நாம மூணு டிவியில போட்டா, நாளைக்கே அவன் கடையைச் சாத்திட்டு அடுத்தவன் படகுல ஏறணும். கடல்ல காலை வைக்கவே அவனுக்கு இன்னும் நடுங்குது. பணத்தை ஓசியா குடுத்தா வாங்கற ஆளும் இல்ல. அதான், கம்பெனி தலையில பழியைப் போட்டேன்."

சந்தியா எதிர்க்கடையைப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவே பச்சமுத்து எதற்கோ கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது, புருஷனை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது.

வாசலில் தட்சணாமூர்த்தி தலையை நீட்டினான்.

"அக்கா, பைக் சத்தம் கேட்டுதே! நம்ம கடைக்கும் வந்துடுச்சா?"

சந்தியா சட்டென்று பெட்டியை மறைத்தபடி நின்றாள்.

"அது ரோட்டுல போன பைக்குப்பா. அந்த கேம் பச்சமுத்து அண்ணன் பெட்டியில மட்டும்தான் ஓடும். பாண்டிக்கே போய் விசாரிச்சுட்டேன். கம்பெனி கொள்கை!"