ஒத்தடம்

கையைத் தூக்க முடியாமல் வீடு வந்து சேர்ந்த கணவனின் தோளில், வெந்நீரில் நனைத்த துணியை வைத்து அழுத்தினாள் மனைவி.

"மெதுவா... உயிர் போகுது."

"கூட்டத்துல எழுந்து ஒரு கேள்வி கேட்டது குத்தமா? அதுக்கா இவ்வளவு அடி?"

"மேடையில மந்திரி உக்காந்திருக்கும்போது கேட்டா, சும்மா விடுவாங்களா?"

"பெத்த பிள்ளைங்க முகம் ஒரு நிமிஷம் ஞாபகம் வந்திருக்க வேண்டாமா?"

"வந்துச்சே! வேலை போச்சுன்னா அதுங்களுக்கு யாரு சோறு போடுவா? இன்ஸ்பெக்டர் பக்கத்துலயே நின்னு, 'இன்னும் நாலு போடுய்யா'ன்னாரு. லத்தியை ஓங்கி ஓங்கித்தான் தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு."

அவள் துணியை அவன் தோளிலேயே விட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.

"துணி ஆறிடுச்சு. மறுபடி நனைச்சு வை."

அவள் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"சொட்டுத் தண்ணி இல்ல. நம்ம தெருக் குழாயில ஏன் தண்ணி வரலைன்னுதானே அந்த மனுஷன் கேட்டாரு?"