சுவைத்து அனுப்புபவர்

கத்சுமி பம்பளிமாஸின் தடித்த தோலை விரலால் பிளக்கிறார். ஜப்பானின் தோசா வட்டார மலைச்சரிவின் பிப்ரவரி வெயில் கொட்டகைக்குள் சாய்ந்து, புளிப்பு இறங்க வைக்கோலில் ஆறவிட்ட பழங்களின் மேலும், காலையில் அவர் நிஃபெடிபின் மாத்திரையைப் பிதுக்கியெடுத்த தகட்டின் மேலும் விழுகிறது. ரத்தக்குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கும் மாத்திரை அது. குடலில் அதைச் சிதைக்கும் நொதியை இந்தப் பழச்சாறு முடக்கிவிடும். விழுங்கியது ஒன்றேயானாலும் ரத்தத்தில் ஏறுவது அதிகம். மருந்துக்கடைப் பெண் படம் வரைந்தே காட்டியிருக்கிறாள். "வேணும்னே பண்றீங்களா? நேத்துதான் தலை சுத்தி சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க!" என்று மனைவி ஃபுசாயே பழத்தைப் பிடுங்கப் பார்க்கிறாள். அவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொள்கிறார். சாறு தாடையில் வழிகிறது. "வாயில வெக்காமலே பெட்டியில என் பேர் முத்திரையைக் குத்தச் சொல்றியா? வேணும்னா மாத்திரையை விட்டுடறேன்." "மாத்திரையை விட்டா நான் உங்களை விட்டுடுவேன்." "போறப்ப பழத்தை வெச்சுட்டுப் போ. புளிப்பு இறங்கிடுச்சு, அனுப்பலாம்." சிரித்தபடியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சட்டென எழுகிறார். முகம் வெளுக்கிறது. தூணைத் தேடிய கை தூணுக்கு அருகே காற்றைப் பிடிக்கிறது. கொட்டகை வாசலின் கல்படிகளில் அவருக்கு முன்னால் பழங்கள் உருண்டு போகின்றன.

இப்போது சுளையை வாயில் வைத்துப் பார்ப்பவள் ஃபுசாயே. முத்திரையில் போனவரின் பெயரை மாற்றச் சொல்லிக் கூட்டுறவுச் சங்கத்தார் மூன்று முறை வந்துவிட்டார்கள். "வேற முத்திரை எங்கிட்ட இல்ல" என்கிறாள். பெட்டியின் மூலையில் சிவப்பு மையில் இருக்கிறது: சுவைத்து அனுப்புபவர், கத்சுமி.