பத்து நாற்பத்து நாலு வண்டி

“நாப்பத்தோரு தடவை விட்டுட்டீங்க, பாக் காஸ்தி.”

பேராசிரியர் ரெத்னோ தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். காஸ்திக்கு எதிரே வைத்த மல்லிகைத் தேநீர் ஆறிப்போயிருந்தது.

“நூத்துக்கா, இபு?” என்றார் காஸ்தி. ஜாவாவில் அம்மாவுக்கு ‘இபு’, ஐயாவுக்கு ‘பாக்’.

“தொள்ளாயிரத்துச் சொச்சத்துக்கு. எண்ணிக்கை பெருசில்ல. விட்ட விதந்தான் இடிக்குது.”

மனிதனின் கவனம் எங்கே, எதனால் சிதறுகிறது என்பதுதான் அந்த அம்மாளின் ஆராய்ச்சி. திரையில் சிவப்புப் புள்ளி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை காஸ்தி அதைத்தான் செய்தார். திரையோரம் பூனைக்குட்டியை ஓடவிட்டார்கள், போன் மணியை அலறவிட்டார்கள், பந்தாட்டம் காட்டினார்கள். எதற்கும் அவர் மசியவில்லை.

இருபத்தெட்டு வருஷமாக ரயில்வே கேட் காக்கிறவர். போன மாதம், கேட்டில் காத்திருந்த யாரோ ஒருவன் அவரைப் படம் பிடித்துப் பரப்பிவிட்டான். செருப்பைக் கழற்றிப் போட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடியிருந்தார்.

“தூங்கல சார். வண்டி வருதான்னு பாத்தேன்.”

“கண்ணை மூடிக்கிட்டா?” என்றார் அதிகாரி. யோக்யகர்த்தா ரயில்வே ஆபீஸே சிரித்தது. அதோடு அவர் வாயைத் திறக்கவில்லை. பேசத் தெரிந்தவன் பிழைப்பு வேறு, கேட் காக்கிறவன் பிழைப்பு வேறு.

சோதித்துப் பார்க்கச் சொல்லி ரயில்வேதான் அவரை இங்கே அனுப்பியது. பேராசிரியரின் அறிக்கை இன்று மாலைக்குள் அங்கே போக வேண்டும். ‘தூங்குகிறவர்’ என்று அதில் ஒரு வரி இருந்தால் வேலை போச்சு. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டே வருஷம்.

“எல்லாருக்கும் கவனம் சொட்டுச் சொட்டா ஒழுகும். உங்களுக்கு அப்படி இல்ல” என்றார் ரெத்னோ. “அஞ்சே இடம். ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நிமிஷம் முழுக்க நீங்க பொத்தானை அழுத்தவே இல்ல. மத்த நேரம் ஒரு பிசகு கிடையாது. கேமராவுல பாத்தேன். அந்த அஞ்சு தடவையும் கண்ணு மூடியிருக்கு. எனக்கு வேற என்ன எழுதறதுன்னு தெரியல, பாக்.”

“அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுறீங்களா?”

காஸ்தி கண்ணாடியை மாட்டி, விரலை வைத்து எழுத்துக்கூட்டுவதுபோல் படித்தார். விரல் நின்றது.

“ஒம்போது பன்னெண்டு... இது சோலோ ஊருக்குப் போற பாசஞ்சர். ஒம்போது முப்பத்தெட்டு, பாண்டுங் வண்டி. பத்து அஞ்சு, சுரபாயா. பத்து முப்பத்தொண்ணு, திரும்புற பாசஞ்சர்.”

உதவியாளர் யுதா போனில் சேமித்து வைத்திருந்த ரயில் அட்டவணையைத் தேடினான். “சரியாத்தான் இருக்கு, இபு. தண்டவாளம் நம்ம காம்பவுண்டுக்குப் பின்னாலதானே போகுது.”

ரெத்னோ சிரித்தார். “இந்த அறைக்கு ரெட்டைச் சுவர். வெளியே வெடி வச்சாலும் உள்ளே கேக்காது. இதைக் கட்டத்தான் மூணு வருஷம் அலைஞ்சேன். பாக், உங்களுக்கு அட்டவணை மனப்பாடம். அந்த நேரம் வந்தா பழக்கத்துல கண்ணு சொருகுது, அவ்வளவுதான். அப்ப அஞ்சாவது என்ன? பத்து நாப்பத்து நாலுக்கு எந்த வண்டியும் இல்லையே?”

“சரக்கு வண்டி, இபு. நல்ல கனம். மேக்கேருந்து வந்துச்சு.”

“அட்டவணையில இல்ல, பாக்” என்றான் யுதா வருத்தமாக.

“வந்துச்சு, தம்பி.”

ரெத்னோ பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. “எதுக்கும் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடு, யுதா.”

அறைக்குள் போனும் எடுக்காது. அவன் வெளியே போனான். வாசலில் கிடந்த காஸ்தியின் ரப்பர் செருப்பு காலில் இடறியது. ‘உள்ளேயே போட்டுக்கலாம், பாக்’ என்று காலையில் சொல்லிப் பார்த்தான். ‘படிச்சவங்க உக்கார்ற இடம்’ என்று அவர் கேட்கவில்லை. செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு யுதா போனில் பேசினான். நாலு நிமிஷம். காஸ்திக்கு நாலு வருஷம்.

திரும்பி வந்தவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

“சிமென்ட் வண்டி, இபு. இன்னிக்கு மட்டும் கூடுதலா விட்டாங்களாம். மேக்கேருந்துதான். பத்து நாப்பத்து நாலுக்கு நம்ம பின்பக்கமாப் போயிருக்கு.”

ரெத்னோ பேனாவை மூடி வைத்தார். “எப்படிக் கேட்டுது உங்களுக்கு?”

“கேக்கல, இபு.” காஸ்தி கூச்சத்தோடு தன் வெறுங்காலைப் பார்த்தார். “தரையில ஏறி வரும். கண்ணு திறந்திருந்தா சரியாப் பிடிபடாது. தப்புதான். பொத்தானை விட்டிருக்கக் கூடாது.”

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. “இபு, ஒண்ணு வருது இப்ப.”

ரெத்னோ தன் ஷூவைக் கழற்றினார். காலுறையையும் உரித்துவிட்டு, சில்லென்ற தரையில் பாதத்தைப் பதித்தார். ஒன்றும் இல்லை. பிறகு, எங்கோ ஆழத்திலிருந்து எறும்பு ஊர்வதுபோல் ஒரு நடுக்கம், உள்ளங்காலில் மெல்ல ஏறியது.

அதைப் பிடிக்க, பேராசிரியரின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.