கதவின் அகலம்

மேசையில் விரித்த ஒப்பந்தத்தின் மேல் ஈப்போ நகரின் காலை வெயில் விழுகிறது. "குளியலறை புதுப்பித்தல்" என்று மட்டும் இருக்கும் வரியில் ரோஹாயாவின் விரல் நிற்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வரப்போகும் கணவருக்கு வாங்கிய சக்கர நாற்காலி பக்கத்தில் இருக்கிறது. "கதவு எண்பது சென்டிமீட்டர்னு எழுதுப்பா." ஒப்பந்தக்காரர் பூன் கியட் காப்பியைக் கீழே வைக்கிறார். "என் வாய்ச்சொல் போதாதாக்கா?" "உன்னை நம்புறேன். ஆனா சுவரை இடிக்கிறவன் கையில இருக்கப்போறது உன் வாயா, இந்தக் காகிதமா?" பூன் கியட்டுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அளவு நாடாவை உருவி, மண்டியிட்டுச் சக்கரங்களை அளக்கிறார். பிறகு நாற்காலியின் கைதாங்கியில் தன் கையை வைத்து, முழங்கையோடு சேர்த்து மறுபடி அளக்கிறார். "தொண்ணூறுன்னே எழுதுறேன். அண்ணன் முழங்கை இடிக்கக் கூடாதுல்ல." அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருவரும் கையெழுத்திடுகிறார்கள். ரோஹாயா எழுந்துபோய், குளியலறையின் பழைய கதவு நிலைக்கு அப்பால் அந்த அகலம் எதுவரை வரும் என்று சுவரில் கைவைத்துப் பார்க்கிறார்.